மண்மூட்டைக்குள் இருந்த முற்றம்

போன கிழமை என் தையல் மெசினைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "அந்த மெசினில் நீங்கள் தைத்தவற்றுள் மறக்க முடியாதது எது? யாருடைய கலியாணச் சட்டை?" என்று கேட்டிருந்தார்.

கலியாணச் சட்டைகள் எத்தனையோ தைத்தேன். போட்டவர்களே இப்போது அவற்றை மறந்திருப்பார்கள். நான் மறக்க நினைத்தும் முடியாமல் வைத்திருப்பது வேறு. அது மண்மூட்டை. அந்தக் கதையை எழுதாமல் பல வாரங்களாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். கடிதம் வந்த பிறகு தள்ள முடியவில்லை.

கத்தரிக்கோல் போன வழி

தொண்ணூறாம் ஆண்டு, ஆனி மாதமாக இருக்க வேண்டும். சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் குண்டுக்கு ஒதுங்க வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினார்கள். சோளகக் காற்றில் வெட்டிய செம்மண் எழும்பி, கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் காவி பிடித்துவிட்டது.

குழி வெட்டலாம். பனங்குற்றியைக்கூட எங்கேயாவது தேடிப் பிடித்து மேலே அடுக்கலாம். சுற்றிவர வைக்க மண்மூட்டை வேண்டும். மூட்டைக்குப் பை வேண்டும். உரப்பைகள் ஊரில் தீர்ந்துவிட்டன. அதனால் பெண்கள் பழைய சேலைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கனகமக்கா தன் கூறைச்சேலையையே கொண்டுவந்து மெசினடியில் போட்டார்.

"கட்டினவர்தான் காக்கேல்லை, கட்டின சீலையாவது காக்குதோ பாப்பம்" என்றார்.

கனகமக்காவின் வாயில் இருந்து வந்ததையெல்லாம் எழுதி வைத்திருந்தால் இந்தத் தொடரை இன்னும் இரண்டு வருடம் இழுக்கலாம்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அம்மா, நான், என் மூன்று வயது மகள். மகளின் தகப்பன் ஜேர்மனிக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐயா அதற்கும் முன்பே காலமாகிவிட்டார். அம்மாவிடம் இருந்ததோ ஆறு சேலை. நான் என் சேலைகளைத் தைத்து முடித்துவிட்டு, இன்னும் என்ன செய்வது என்று மெசின் முன்னால் இருந்தேன்.

அம்மா அறைக்குள் போனார். கூரை வளையில் கட்டித் தொங்கிய ஒரு பாய்ச்சுருளை அவிழ்த்து, இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். அது அங்கே தொங்குவது எனக்குத் தெரியும். ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

"இதை வெட்டு" என்றார்.

"என்னணை அம்மா இது?"

"சீலை."

"என்ன சீலை?"

"தடிச்ச சீலை. மண் தாங்கும். விலாசமும் வேணுமோ உனக்கு?"

பாயை விரித்தேன். உள்ளே காடாத்துணி, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் அகலம். ஒரு பக்கம் நிறம் பூசியிருந்தது. பழைய நாடகச் சீன் என்று நினைத்தேன். மேடையில் பின்னால் தொங்கவிடும் படத்துணியைத்தான் சீன் என்போம். ஐயாவுக்கு நாடகப் பைத்தியம். யாரோ கலைத்துப்போட்ட கொட்டகையில் இருந்து கொண்டுவந்து வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

விறாந்தையில் அதை முழுதாக விரிக்க இடம் போதாது. சுருளை அவிழ்க்க அவிழ்க்க வெட்டினேன். கத்தரிக்கோல் போன வழியெல்லாம் நிறம் பொடியாக உதிர்ந்து மடியில் விழுந்தது. ஒரு துண்டில் சிவந்த நிலம். ஒன்றில் இலை. ஒன்றில் கயிறு போல ஒரு கோடு. ஒன்றில் சின்னப் பாதம் ஒன்று தெரிந்தது. எனக்கு அளவுதான் முக்கியம். பாதத்துக்குக் குறுக்கே வெட்டினேன்.

பொடி ஒட்டுகிறதென்று நிறப் பக்கத்தை உள்ளே விட்டுத் தைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்து நூல் கோத்துத் தந்தார். பின்னேரத்துக்குள் சுருள் முடிந்துவிட்டது.

"நீர் ஆற்றை மகள்?"

அடுத்த வருடம், மாரி கழிந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை அச்சுவேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போனேன். பொத்தான் வாங்க வேண்டும். கொழும்பில் இருந்து பொத்தான் வராத காலம் அது. சந்தை ஓரத்தில் ஒரு வயோதிபர், பழைய சட்டைகளில் இருந்து வெட்டிய பொத்தான்களைக் கழுவி, நிறம் நிறமாகச் சிரட்டைகளில் போட்டு, சாக்கு விரித்து வைத்திருப்பார். ஒரே மாதிரி ஆறு பொத்தான் அவரிடம் கிடைத்தால் அன்று பெரிய அதிர்ஷ்டம்.

அன்றுதான் அவர் முதன்முதலாக என்னோடு கதைத்தார்.

"எவடம் மோனை?"

"கோப்பாய்."

"கோப்பாயிலை எவடம்?"

"வைரவர் கோயிலடி."

"கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"அங்காலை, அப்பு. மூண்டாம் ஒழுங்கை."

"அப்ப, நீர் ஆற்றை மகள்?"

எங்கள் பக்கத்து ஆட்கள் பெயரைக் கடைசியில்தான் கேட்பார்கள். முதலில் ஊர், பிறகு கோயில், பிறகு ஒழுங்கை, பிறகு தாய் தகப்பன். ஒரு ஆளைப் பிடித்து அவருடைய வேலிவரை கொண்டுபோய் விட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. யாருடைய மகள் என்ற இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் எரிச்சல். என்னைக் கேட்காமல் என் வளவை விசாரிக்கிறார்களே என்றிருக்கும்.

அம்மாவின் பெயரைச் சொன்னேன். "ரத்தினத்தின்ரை மகள்."

அவர் கையில் இருந்த சிரட்டையைக் கீழே வைத்தார். என் முகவாயை உற்றுப் பார்த்தார்.

"அப்ப நீர் அன்னப்பிள்ளையின்ரை பேத்தி" என்றார்.

எங்கள் வீட்டில் சொல்லாத பெயர்

அந்தப் பெயரை அதற்கு முன் நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தேன், அம்மாவின் பிறப்புப் பத்திரத்தை யாரோ வாசித்தபோது.

எட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அம்மம்மா தந்தது, அம்மம்மா சொன்னது என்று கதைப்பதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து "என்ரை அம்மம்மா எங்கை?" என்று கேட்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நாடகக்காரரோடை போனவ. போனவையைப் பற்றி நாங்கள் கதைக்கிறேல்லை."

அவ்வளவுதான். ஒரு படமில்லை. ஒரு சேலைத்துண்டில்லை. அம்மாவை வளர்த்தது அவருடைய தகப்பனின் தமக்கை, பெரியமாமி. நான் பார்த்த காலத்தில் பெரியமாமி கட்டிலோடு கிடந்தார். கிடந்தபடியே வீட்டை ஆண்டார். அவர் இருந்தவரை கேட்கப் பயம். அவர் போன பிறகு கேட்கும் பழக்கமே போய்விட்டது.

அதனால், அன்று அச்சுவேலியில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் இருந்துகொண்டு, உச்சி வெயில் தலையில் இறங்க, முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் என் அம்மம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

கயிறு இழுத்தவர் சொன்னது

அவர் பெயர் சின்னத்தம்பி. "சீன் சின்னத்தம்பி எண்டால்தான் தெரியும்" என்றார். நாடகக் கொட்டகையில் சீன் கயிறு இழுத்தவர்.

"லேசான வேலை இல்லை, பிள்ளை. ராசா வேட்டைக்குப் போறார் எண்டால், அவர் உள்ளை போய்த் திரும்பி வாறதுக்கிடையிலை தெருவைத் தூக்கிக் காட்டை விடவேணும். கயிறு பிந்திச்சோ, மனுசன் நடுத்தெருவிலை நிண்டு புலியைத் தேடுவார். சனம் விசிலடிக்கும்."

எல்லாச் சீன்களின் மூலையிலும், வரைந்தவர் பெயராக, கோப்பாய் ஆறுமுகம் என்று எழுதியிருக்குமாம். ஆறுமுகம் என் அம்மாவின் தகப்பன்.

"ஒருநாள் மத்தியானம் காட்டுச் சீன் எடுக்க உங்கடை வீட்டை போனன். ஆறுமுகத்தார் விறாந்தையிலை வெத்திலை போட்டுக்கொண்டிருக்கிறார். ‘காடு கீறிக் கீறிக் கை உளையுது தம்பி’ எண்டு கையை உதறிக் காட்டினார். தண்ணி குடிக்க உள்ளை எட்டிப் பாத்தால், அன்னப்பிள்ளை தூரிகையோடை முழங்காலிலை நிண்டு காடு கீறிக்கொண்டிருக்கிறா."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"என்னத்தைச் சொல்லுறது? எல்லாருக்கும் தெரியும். ஆறுமுகத்தாருக்கு வலக்கை நடுக்கம். தேத்தண்ணிக் கோப்பையே ரெண்டு கையாலை பிடிக்கிற மனுசன், மான் கண்ணை எப்பிடிக் கீறிறது? ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

ஆறுமுகம் செத்தபோது என் அம்மாவுக்கு ஏழு வயது. புருசன் போன வீட்டுக்குள் நாடகச் சீலை வரக்கூடாது என்று பெரியமாமி சொல்லிவிட்டார். கொட்டகைக்காரருக்கோ சீன் வேண்டும். அம்மம்மாவைக் கொட்டகைக்கே வந்து கீறச் சொன்னார்கள். மூன்று நாள் போனாராம்.

"வெள்ளைச் சீலையோடை போனவ, அஞ்சு நிறத்தோடை திரும்பி வந்தவ. ஊருக்கு வேறை என்ன வேணும் கதைக்க?"

நாலாம் நாள் திரும்பி வந்தபோது வாசல் படலையை உள்ளே இருந்து கட்டியிருந்தார்கள். என் அம்மாவை மானிப்பாயில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

"மூண்டு தரம் வந்து படலையடியிலை நிண்டவ. நான்தான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்தனான்." சின்னத்தம்பி அப்பு அப்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதுதான் நான் செய்த பிழை. நாடகக்காரனோடை சைக்கிளிலை வாறா எண்டு கதை கட்டிப்போட்டினம். நடந்து வந்திருந்தால் ஒருவேளை திறந்திருப்பினமோ என்னவோ."

என் அம்மா எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்ன அந்த ஒரு வரி எங்கிருந்து முளைத்தது என்று எனக்கு அப்போது விளங்கியது.

பிறகு அம்மம்மா திருகோணமலைப் பக்கம் போனார். நாடகம் குறைந்த காலத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியே சீவித்தார். எண்பத்திமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஒரு துணிப்பையோடு அச்சுவேலிக்கு வந்து, சின்னத்தம்பி அப்புவின் சகோதரி வீட்டில் ஒண்டியிருந்தார். அச்சுவேலிக்கும் கோப்பாய்க்கும் சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நான் தையல் பழகப் போய்வந்த வழியில்தான் அந்த வீடு.

"கோப்பாய்க்குப் போவம், நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டன். ‘கையிலை ஒண்டும் இல்லாமல் எப்பிடிப் பிள்ளையின்ரை முகத்திலை முழிக்கிறது’ எண்டா. என்னைக் காடாச் சீலை வாங்கித் தரச் சொன்னா. நாலு மாசமாக் கீறினவ."

"என்ன கீறினவ?"

"வீட்டுச் சீன். நாடகத்திலை வீட்டுச் சீன் எண்டால் பெரிய பங்களா, தூண், பட்டுத்திரை எல்லாம் இருக்கும். இவ கீறினது ஒரு வீட்டு முற்றம். கிணறு, தண்ணி அள்ளுற துலா, செம்பரத்தை வேலி. துலா இழுக்கிற ராசா எந்த நாடகத்திலை வாறவர் எண்டு நான் பகிடி விட்டன். ‘இது ஆடுறதுக்கில்லை’ எண்டா."

முற்றத்தில் ஒரு சின்னப் பிள்ளை நிற்குமாம். முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஏன் முகத்தைக் கீறேல்லை எண்டு கேட்டன். ‘முகம் எனக்கு நினைவிலை இல்லை, சின்னத்தம்பி. கீறினால் பொய்’ எண்டா. முடிச்ச கையோடை படுத்தவதான். எழும்பேல்லை."

அந்தச் சீனைப் பாயில் சுருட்டி, சைக்கிளில் கட்டி, கோப்பாய்க்குக் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான்.

"கொம்மா என்னை உள்ளை கூப்பிடேல்லை. படலையிலை நிண்டு வாங்கினவ. ஒரு வார்த்தை கதைக்கேல்லை." பொத்தான் சிரட்டைகளை ஒன்றொன்றாக நேராக்கினார். "இப்ப அது பத்திரமோ மோனை?"

"ஓம் அப்பு. பத்திரம்."

நாக்குத் தடுமாறவேயில்லை.

"அப்ப வாற வெள்ளிக்கிழமை வரட்டோ? கயிறு இழுத்தவன் ஒருநாளும் சீனை முன்னாலை நிண்டு பாக்கிறேல்லை. இதை ஒருக்கால் முன்னாலை நிண்டு பாக்க வேணும்."

"வாங்கோ" என்றேன். பொத்தான் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

சுளகை நிலத்தில் வைத்தபோது

அம்மா விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சைக்கிளை மதிலில் சாத்தாமல் அப்படியே விழவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமோ, அண்டைக்கு நீங்கள் தந்த சீலை என்னெண்டு?"

அம்மா அவசரப்படவில்லை. "ஓம்."

"விரிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஒருக்கால்."

"பாத்திட்டோ என்னை வெட்டச் சொன்னனீங்கள்?"

அம்மா சுளகை நிலத்தில் வைத்தார்.

"போன பிறகு எனக்கு ஒருநாள் தலை இழுத்துப் பின்னி விடேல்லை. ஒரு காய்ச்சலுக்குப் பக்கத்திலை இருக்கேல்லை. உன்னைப் பெறேக்கை நான் கத்தினது அவவுக்குக் கேட்டதோ? அவ வரேல்லை, அவவின்ரை சீலை எண்டாலும் ஒருக்கால் எங்களுக்கு முன்னாலை நிக்கட்டும் எண்டு நினைச்சன். நிக்கிறா. உன்ரை பிள்ளை உயிரோடை விளையாடுது. போ, போய் முகத்தைக் கழுவு."

நான் முகம் கழுவப் போகவில்லை. கேட்டு வந்ததை அப்படியே கொட்டினேன். படலை, மானிப்பாய், சைக்கிள், மூன்று தரம். ஒரு பிள்ளை தாயிடம் சொல்லும் முறையிலா சொன்னேன்? பிடித்துக் குலுக்குவது போலச் சொன்னேன். அது என் முதல் பிழை என்று இப்போது படுகிறது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூண்டு தரமோ?"

"மூண்டு தரம்."

சுளகை எடுத்து மீண்டும் புடைக்கத் தொடங்கினார். அரிசி இல்லாத சுளகை.

அடுத்தநாள் காலை, நான் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"தைச்சதைப் பிரிக்க ஏலுமோ?"

"ஏன்?"

"அண்டைக்குக் கோவத்திலை பாத்தனான். வடிவாப் பாக்கேல்லை."

அம்மா என்னிடம் எதையாவது கேட்டது என் நினைவில் அதுதான் முதல் தடவை. பாத்திரம் தா, பிள்ளையைப் பிடி என்பதெல்லாம் கட்டளை. இது கேட்டது.

பங்கரைக் கழற்றிய இருவர்

வெளிவரிசை மூட்டைகள் மாரி மழையில் இற்றுப்போயிருந்தன. தொட்டால் பிய்ந்தன. காடாத்துணி மூட்டைகள் இருந்த உள்வரிசை தகரத்துக்கும் பனங்குற்றிக்கும் கீழே நனையாமல் இருந்தது. பதினாறு மூட்டை. ஒவ்வொன்றாக இழுத்து, தையலைப் பிரித்து, மண்ணைக் கொட்டினோம்.

கனகமக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஊரெல்லாம் பங்கர் கட்டுது. பொம்மர் பறக்கிற நாளிலை பங்கரைக் கழட்டுற விசரியளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"அம்மாவின்ரை அம்மா கீறின படம், அக்கா" என்றேன்.

கனகமக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தன் வீட்டு மூட்டை இரண்டை உருட்டிக்கொண்டு வந்து, எங்கள் பங்கர் வாசலில் வைத்தார். "பேந்து திருப்பித் தரவேணும். கூறைச்சீலை" என்றார்.

வெட்டிய கைக்கு வெட்டிய ஒழுங்கு தெரியும். துண்டுகளை முற்றத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விரித்தேன். நிறப் பக்கத்தில் செம்மண் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. ஆனாலும் இடையிடையே தெரிந்தது. அம்மா வெறுங்காலோடு துண்டுகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"இது துலாக் கால். இஞ்சை பார், கப்பிலை துலா உரசித் தேஞ்ச இடம்கூடக் கீறியிருக்கிறா. இது வேலி. இதை மாறி வைச்சிட்டாய், இது கிணத்துக்கட்டு."

என் அம்மா ஒரு படத்தைப் பார்த்து இவ்வளவு கதைப்பார் என்று நான் எண்ணியதில்லை. குரலில் ஒரு சின்ன அவசரம் இருந்தது, திருவிழாவில் கடை பார்க்கும் பிள்ளைக்கு இருப்பது போல.

பாதம் வெட்டுப்பட்ட இரண்டு துண்டையும் தேடி எடுத்துச் சேர்த்து வைத்தேன். பிள்ளையின் கால் தெரிந்தது. மேலே உடம்பெல்லாம் மண். அம்மா குந்தியிருந்து, விரல் நுனியால் மண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"கழுவினால் தெரியும்" என்றேன்.

சொன்னது நான். அம்மா சொல்லவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் எழுத மனம் வராது.

வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மா படலைவரை போய்க் கூட்டி வந்தார். பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்தார். பிறகு, நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க, மடித்து வைத்த சீலைத் துண்டுகளை எடுத்து அவர் மடியில் வைத்தார். பதினாறு துண்டு, மங்கிய வெறும் காடாத்துணி. அங்கங்கே ஒரு மஞ்சள் கறை.

அவர் ஒரு துண்டின் கரையைப் பெருவிரலால் தடவினார். நெடுநேரம் தடவினார்.

"வச்சிரம், மோனை" என்றார். "வச்சிரப் பசை காய்ச்சி அதிலை குழைச்ச நிறம். தண்ணி பட்டால் நிக்காது. நான் சொல்லியிருக்க வேணும்."

அவர் ஏன் சொல்ல வேண்டும்? நான் கேட்டேனா? அச்சுவேலிச் சந்தையில் அவ்வளவு நேரம் இருந்து என்னவெல்லாம் கேட்டேன்! நிறமா, கறுப்பா, கோபக்காரியா, பிறகு யாரையாவது கட்டினாரா, சாகும்போது எங்களைக் கேட்டாரா. ஊர் வாய் கேட்கும் கேள்வியெல்லாம் கேட்டேன். நிறத்தை எதில் குழைத்தார், தூரிகையை எப்படிப் பிடித்தார், ஒரு மரத்தை எங்கிருந்து தொடங்குவார் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. அறுபது வருடம் அந்த மனுசி செய்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் தண்ணீரைத் தொட்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் சந்தைக்குப் போனேன். அவர் எனக்கென்று ஒரே மாதிரிப் பொத்தான் ஆறு எடுத்து வைத்திருப்பார். சீனைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

கிணற்றடி

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அழுக்கென்றால் ஊறவைக்கத்தான் என் கைகளுக்குத் தெரியும். பதினான்கு துண்டுகளைக் கிணற்றடித் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீர் நிறைத்தேன். பிள்ளை இருந்த இரண்டு துண்டுக்கும் தனிக் கவனம். வீட்டில் இருந்த ஒரே வெள்ளை எனாமல் பேசினைக் கொண்டுவந்து, அவற்றை அதற்குள் மெதுவாக அமிழ்த்தினேன். மண் தானாகக் கழன்றுவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். மகளுக்குச் சோறு தீத்தப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா கிணற்றடியில் குந்தியிருந்தார்.

தொட்டித் தண்ணீர் பழுப்பாகக் கலங்கிக் கிடந்தது. நான் ஒரு துண்டைத் தூக்கினேன். நிறம் துணியில் இருந்து கோடு கோடாக வழிந்து போனது. இலையும் போனது, துலாவும் போனது. இன்னொன்றைத் தூக்கினேன். பிறகு ஒன்றையும் தூக்கவில்லை.

பேசினில் மண் அடியில் படிந்துவிட்டிருந்தது. மேலே நின்ற தண்ணீர் நீலமாக இருந்தது. பிள்ளையின் சட்டை நீலமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு துண்டும் அதற்குள் வெறுமையாகக் கிடந்தன.

"அம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"ஆகாசத்துக்கும் இந்த நீலம்தான் போடுறவ. சீலையை விரிச்சால் வீட்டிலை கால் வைக்க இடமிராது. காய்ஞ்ச இடமாப் பாத்து என்னைத் தூக்கி இருத்துவா. நான் இறங்கி ஓடப் பாப்பன். ‘அசையாதை குஞ்சு, ஆகாசம் இன்னும் காயேல்லை’ எண்டுவா."

என் அம்மம்மா சொன்ன ஒரு வசனத்தை நான் அப்போதுதான் அம்மாவின் வாயால் கேட்டேன். பிறகும் அந்த ஒன்றுதான்.

என்ன செய்வதென்று தெரியாமல், பேசினைச் சரித்து ஊற்றக் குனிந்தேன்.

"ஊத்தாதை" என்றார் அம்மா. இரண்டு கையையும் மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் வைத்தார்.

வேலிக்கு அப்பால் கனகமக்கா கத்தினார். ஹெலிச் சத்தம் வடக்குப் பக்கமிருந்து கேட்டது. நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்துப் பங்கர்ப் பக்கம் இழுத்தேன்.

"நீ பிள்ளையைக் கொண்டு போ" என்றார், கையை எடுக்காமல். "நான் கொஞ்ச நேரம் இதிலை இருக்கப் போறன்."